ஜப்பான் சர்வரில் வசந்தா

செஞ்சி காந்தி பஜாரில் ரஞ்சிதம் நடத்தும் ஜெராக்ஸ் கடைப் பக்கம் போனால், மெஷின் சத்தத்துக்கு மேலே வசந்தாவின் கீபோர்டு சத்தம் கேட்கும். பட்டா மாற்ற மனு, வாரிசு சர்டிபிகேட், காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று எதைக் கொண்டுபோனாலும், வந்தவர் வாயால் சொல்லச் சொல்ல அடித்து முடித்துவிடுவாள். திரையைப் பார்க்கமாட்டாள், விரலையும் பார்க்கமாட்டாள். எதிரே நிற்பவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். "அழுவாத சொல்லும்மா, எந்த வருசம் தவறுனாரு?" என்று கேட்டுக்கொண்டே அடிப்பாள். ஊரில் பாதிப் பேரின் கஷ்டம் அவள் விரல் வழியாகத்தான் தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கிறது. அப்படிப்பட்டவள், போன வைகாசியில் தன் மகனைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லி கலெக்டருக்கு மனு அடிக்க உட்கார்ந்தாள். "ஐயா" என்பதைத் தாண்டி ஒரு வரி ஓடவில்லை. கடைசியில் ரஞ்சிதம்தான் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அந்த மனுவை முடித்துக் கொடுத்தாள்.

மகன் பெயர் ஆதவன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன். அவனை ஜப்பானுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு கம்ப்யூட்டர் கேம் என்று வசந்தா இன்றைக்கும் சொல்லுவாள். அப்போது நம் ஊருக்கு வராத கேம் அது. ஜப்பான்காரர்கள் ஜப்பான்காரர்களுக்காகச் செய்தது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் உள்ளே இறங்கி, வாளும் வில்லுமாகப் பூதங்களோடு சண்டை போடுவார்கள். திரையில் வரும் ஒரு எழுத்து புரியாது. கேமின் பெயரைக்கூட யாராலும் படிக்க முடியாது. ஆரம்பப் படத்தில் பெரிய கல்பாலம் ஒன்று இருந்ததால் ஆதவனும் அவன் கூட்டாளி பிரசாந்தும் அதற்கு 'பாலம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஜப்பானில் உட்கார்ந்து ஆடுவதுபோல் காட்டுகிற விபிஎன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, காலேஜ் விட்டு வந்ததும் இரண்டு பேரும் அதில்தான் கிடப்பார்கள். கேமுக்குள் இருக்கும் கடையில் எது மருந்து, எது விஷம் என்று தெரிந்துகொள்வதற்காக ஆதவன் ஒவ்வொரு எழுத்தாகக் கற்றுக்கொண்டான். பிறகு சென்னையில் ஜப்பானுக்குப் பயிற்சி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனபோது, மற்றவர்கள் அரிச்சுவடி படிக்கையில் இவன் வாக்கியம் படித்தான். சீக்கிரமே விமானம் ஏற்றிவிட்டார்கள்.

நகோயாவுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊரில், காருக்கு உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ கால் வரும். சித்திரை கடைசியில் ஒரு ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். ஆளை அனுப்பிய சென்னை ஏஜென்சியைக் கேட்டால், "அவராவே ரூமை விட்டுப் போயிட்டாரும்மா. அங்க ரிப்போர்ட் ஆயிடுச்சி. இனிமே எங்க கையில ஒண்ணுமில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

வசந்தாவின் கணவன் கன்னியப்பன், நெல் ஏலம் நடக்கும் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். நெல் வரத்து உள்ள நாட்களில் முதுகு ஒடியும். அதிகம் பேசாத ஆள். மகன் காணாமல் போனதிலிருந்து அந்தக் கொஞ்சப் பேச்சும் நின்றுபோனது. சோறு வைத்தால் சாப்பிடுவார், இல்லையென்றால் கேட்கமாட்டார். போலீஸ் ஸ்டேஷன், விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் என்று வசந்தா கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பின்னால் நின்றார். எல்லா இடத்திலும் மனுவை வாங்கிச் சீல் வைத்துக் கொடுத்தார்கள். அதோடு சரி.

ஆனி பிறந்த பிறகு ஒருநாள் பிரசாந்த் போன் செய்தான். அவன் அப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலையில் இருந்தான்.

"அத்தை, ஒண்ணு சொல்றேன், பதறாதீங்க. ஆதவன் ஐடி ஆன்லைன்ல காட்டுது."

"இன்னாடா சொல்ற? எதுல?"

"பாலத்துல, அத்தை. கேம்ல அவன் ஆடுற ஆளு பேரு ராஜகிரி. டெய்லி சாயங்காலம் வர்றான். நான் மெசேஜ் போட்டுப் போட்டுப் பாத்தேன். பதில் இல்ல. நேத்து என்னை பிளாக் பண்ணிட்டான்."

வசந்தா கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்ற எண்ணம் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே, இருந்தும் நம்மிடம் பேசவில்லையே என்பதும் வந்தது.

பிரசாந்த் வேறு பெயரில் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தான். அதற்குள் வெளிநாட்டிலிருந்து ஆடுகிறவன் என்று கண்டுபிடித்து அவன் கணக்கையே முடக்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே வழி. ஆதவன் முன்பு பழகுவதற்காகக் கேமில் உருவாக்கிய இன்னொரு ஆள் செஞ்சி வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தான். அந்தக் கம்ப்யூட்டரைத் தவிர வேறு எங்கிருந்து திறந்தாலும் ஆதவனின் மெயிலுக்குப் போகும் ரகசிய எண்ணைக் கேட்கும் என்று மறுபடி போன் செய்து சொன்னான்.

"அப்ப நீ வந்து அத போட்டு பேசேன்டா."

"லீவு கேட்டுப் பாத்துட்டேன் அத்தை. இந்த மாசம் ஒரு நாள்கூட கெடையாதுன்னுட்டாங்க. இன்னொண்ணு. புது ஆளுங்க யாருக்கும் மெசேஜ் அனுப்ப முடியாது. அந்தக் கல்பாலத்துல ஒரு காவக்காரன் நிப்பான். அவன அடிச்சிட்டு அந்தாண்ட போனாத்தான் பேசவே விடும்." மீதியையும் சொன்னான். "ஜூலை கடைசியோட மூடிடுவாங்க. கேம் இந்தியாவுக்கு இங்கிலீஷ்ல வருதாம். அறிவிச்சிட்டாங்க. அதனால ஜப்பான் சர்வர்ல வெளிநாட்டு ஆளுங்க யாரும் நுழைய முடியாதபடி அடைக்கிறாங்க. விபிஎன் போட்டாலும் வேலைக்கு ஆவாது."

இந்தச் செய்திக்காக அவனும் ஆதவனும் எத்தனையோ வருஷம் காத்திருந்தார்கள். நாடு முழுக்கப் பையன்கள் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். வசந்தாவுக்கோ, பிள்ளை இருக்கும் வீட்டின் ஒரே கதவை யாரோ இழுத்துச் சாத்துவதுபோல் இருந்தது.

மறுநாள் ரஞ்சிதத்திடம் போய், மதியச் சாப்பாட்டுக்குமேல் கடையில் இருக்கமுடியாது என்று சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, "கேம் ஆடணும்க்கா" என்றாள். ரஞ்சிதம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினாள்.

நமக்கு மதியம் மூன்றரை என்றால் ஜப்பானில் இரவு ஏழு. வேலை விட்டு வந்து எல்லோரும் கேமில் இறங்கும் நேரம். வசந்தா மகனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபது வருஷமாகப் பத்து விரலாலும் தமிழ் அடித்தவளுக்கு அங்கே இடது கையில் நாலு விசை, வலது கையில் மவுஸ், அவ்வளவுதான் வேலை. அந்த நாலு விசையில் அவள் ஆள் நேராக நடக்கவே மறுத்தான். சுவரில் முட்டினான். ஆற்றில் விழுந்தான். பாலத்தின் நடுவில் கல்விளக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்தக் காவல்காரனிடம் போய்ச் சேர்வதற்கே பல நாள் ஆனது. போய்ச் சேர்ந்ததும் அவன் விளக்கை ஒரே ஒரு தடவை வீசினான். திரை சிவந்தது. நாலு எழுத்து வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று வசந்தாவுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பிரசாந்த் இடைவேளையில் போன் போட்டுச் சொல்லிக்கொடுப்பான். "அவன் வெளக்க தூக்குனா பின்னாடி ஓடாதீங்க அத்தை. ஓடுனா செத்தீங்க. அவன் கால்கிட்டயே போய் உருளுங்க. ஸ்பேஸ் பாரை அமுக்குங்க."

"எப்ப தூக்குறான்னு எப்புட்றா தெரியும்? அவன் தூக்கும்போது நான் கீழ வெரல பாத்துனு இருக்கறேன்."

"வெரல ஏன் பாக்குறீங்க? கடையில வெரல பாத்தா அடிக்கிறீங்க?"

அது உறைத்தது. அன்றிலிருந்து காவல்காரனின் மூஞ்சியை மட்டும் பார்த்தாள். அதனால் ஒரேயடியாக ஜெயித்துவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். முன்பு முதல் அடியில் செத்தவள் இப்போது மூன்றாவது அடியில் செத்தாள். செத்து, பாலத்தின் இந்தப் பக்கம் எழுந்து, திரும்ப நடந்து, திரும்பச் செத்தாள். மகன் எங்கேயோ இப்படித்தான் அடிபட்டுக்கொண்டிருக்கிறானோ என்று நினைப்பு வரும். உடனே கை தடுமாறும். விளக்கு வந்து விழும்.

ஒருநாள் கன்னியப்பன் கமிட்டியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"புள்ள எங்க கெடக்கறானோ தெரியல. நீ குந்திக்கினு கத்தி சண்ட போட்டுனு இருக்கற."

"இவன தாண்டுனாதான் அவனாண்ட பேசமுடியும்."

"யார தாண்டுனா?"

வசந்தா திரையைக் காட்டினாள். கன்னியப்பன் அந்தப் பூதத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மகனோடு சேர்த்து இவளும் போய்விட்டாள் என்றே அவர் நினைத்தார்.

ஆடி அமாவாசை வந்தது. மேல்மலையனூருக்கு விட்ட ஸ்பெஷல் பஸ்கள் எல்லாம் காலையிலிருந்தே நிரம்பி வழிந்துகொண்டு ஊரைக் கடந்தன. கன்னியப்பனும் அங்காளம்மனிடம் முறையிடப் போய்விட்டார். வசந்தா போகவில்லை. மூன்றரைக்குப் பாலத்தில் ஏறினாள். காவல்காரன் விளக்கைத் தூக்கினான், இவள் உருண்டாள். தூக்கினான், உருண்டாள். அவனுடைய உயிர்க்கோடு பாதிக்குக் கீழே இறங்கியது. கால்வாசிக்கு வந்தது. கரண்ட் போய்விட்டது.

ஃபேன் மெல்ல நின்றது. கறுத்த திரையில் அவள் முகம் தெரிந்தது. அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டுக் கத்தி அழுதாள். பக்கத்து வீட்டில் கேட்கும் என்ற கூச்சம் இல்லை. இத்தனை வருஷம் கடையில் எதிரே நின்று அழுதவர்களை எல்லாம் "அழுவாத சொல்லு" என்று அதட்டியது நினைவுக்கு வந்தது. அழவிட்டிருக்கலாம் என்று தோன்றியது.

கரண்ட் வந்தபோது ஐந்து மணி. முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதல் தடவை செத்தாள். அடுத்த தடவை காவல்காரனின் கண் மங்கி, முட்டி மடங்கி, விளக்கு பாலத்தில் விழுந்து உடைந்தது. வசந்தா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் ஒரு பெரிய ஊர். கடைத்தெரு, கூட்டம், எல்லோர் தலைக்கு மேலும் புரியாத பெயர்கள். நண்பர்கள் பட்டியலில் ஒரே பெயர் இருந்தது, ராஜகிரி. அதன் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

இதற்காகத்தானே இத்தனையும் என்று, தனக்குத் தெரிந்த வேகத்தில் தமிழில் அடித்தாள். ஆதவா, அம்மாடா, எங்கடா இருக்க, ஒரு வார்த்தை சொல்லுடா. அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது வரிசையாகக் கட்டம் கட்டமாக இருந்தது. அந்தக் கேமுக்குத் தமிழ் எழுத்து தெரியாது.

இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். "Aadhava, amma da." பிறகு ஒரு வரி வந்தது, ஜப்பானிய எழுத்தில். கைபேசியால் திரையைப் படம் பிடித்துத் தமிழில் மாற்றும் செயலியில் போட்டாள்.

"நீங்கள் யார் ஆவீர்கள்? நான் அந்த நபர் அல்ல."

பச்சைப் புள்ளி அணைந்தது.

அன்று சாயங்காலம் கன்னியப்பன் குங்குமமும் எலுமிச்சம்பழமுமாக வந்தபோது அவள் சமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "தாண்டிட்டேன். அவன் இல்ல, வேற எவனோ" என்று மட்டும் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. ஆனால் எதற்கோ அவள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாளும் ராஜகிரி என்ற அந்த ஆள் வந்தான். கடைத்தெருவில் ஒரு கிணற்றோரம் நிற்பான். தினப்படி வருகைக்குக் கொடுக்கும் பரிசை வாங்கிக்கொண்டு போய்விடுவான். வசந்தா தமிழில் அடித்து, நெட்டில் ஜப்பானிய மொழிக்கு மாற்றி, வெட்டி ஒட்டி அனுப்பினாள். வெட்டி ஒட்டுவது அவளுக்குப் பழகிய வேலை. நான் அவனுடைய அம்மா. என் மகன் எங்கே? பதில் இல்லை. மறுநாளும் அவன் பக்கத்தில் போய் நின்றாள். எதுவும் கேட்காமல் சும்மாவே நின்றாள். ஜூலை முடிய இருந்தது. இனி கேட்பதற்கு வேறு யாரும் இல்லை என்பதால்தான் நின்றாள்.

மூடுவதற்கு முந்தின நாள் அவனாகவே ஒரு வரி போட்டான். செயலி சொன்னது: "கம்பெனி ஆட்கள் அம்மா என்று பொய் சொல்லுகிறார்கள். ஆதவன் அறையில் என்ன சமைத்தான்? சொல்லுங்கள்."

வசந்தா யோசித்தாள். போனில் அவன் என்னென்னவோ சொல்லியிருக்கிறான். சாம்பார் வைத்தேன், கோழி வறுத்தேன் என்றெல்லாம் சொல்வான். ஆனால் தான் பெற்ற பிள்ளையைத் தனக்குத் தெரியாதா? அடித்தாள்: "அவனுக்குச் சமைக்கத் தெரியாது. சுடுதண்ணி வைக்கத்தான் தெரியும். அதையும் அடி பிடிக்க விடுவான்."

எதிரே wwwww என்று வந்தது. இடது கை விசை எதையோ தெரியாமல் அமுக்கிவிட்டான் போல என்று நினைத்தாள். ஜப்பானில் அப்படிப் போட்டால் சிரிக்கிறார்கள் என்று பிரசாந்த் பிறகுதான் சொன்னான்.

அதன் பிறகு வரி வரியாக வந்தது. செயலியின் உடைந்த தமிழில் அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். அவன் பெயர் துவான். வியட்நாம்காரன். ஆதவனோடு ஒரே அறையில் இருந்தவன். இரண்டு பேரும் ஒரே பயிற்சி, ஒரே கேம். "இடது கை. விரல்கள் இரண்டு. அழுத்தும் இயந்திரம்." அந்த வரியை அவள் மூன்று முறை படம் பிடித்தாள். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னது. கீபோர்டின்மேல் இருந்த தன் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், ஊருக்குப் போய்விடு என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கையோடு எப்படிப் போய் நிற்பது என்று ஆதவன் ஒருநாள் விடியுமுன் கிளம்பிவிட்டான். போகும்போது கேம் கணக்கை துவானிடம் கொடுத்து, விடாமல் ஏறிப் பரிசு வாங்கி வை, ஒருநாள் திரும்ப வருவேன் என்று சொல்லியிருக்கிறான். இப்போது இபராகி என்ற இடத்தில் முட்டைக்கோஸ் வயலில் கள்ளத்தனமாக வேலை. போனை விற்றுவிட்டான். வரும் விடுமுறையில் துவான் போய்ப் பார்க்கப்போகிறான். "செய்தி இருந்தால் நான் சுமப்பேன்" என்றான். போன் நம்பர் கொடு என்று வசந்தா கேட்டாள். கொடுத்தான். எண்கள் எல்லாம் வெறும் நட்சத்திரமாக வந்தன. அந்தக் கேமில் யாரும் யாருக்கும் நம்பர் கொடுக்கமுடியாதாம். நாளை இதே நேரம் செய்தியைச் சொல்லுங்கள் என்று துவான் போய்விட்டான்.

ஊரார் துக்கத்தை எல்லாம் எழுதிக் கொடுத்தவள், அன்று பொழுது சாயும்வரை உட்கார்ந்தும் மகனுக்கு ஒரு வாக்கியம் எழுதமுடியவில்லை. அம்மா சாகக் கிடக்கிறேன் என்று எழுதலாமா? பொய். ஒன்றும் இல்லடா, வா என்று எழுதலாமா? ஒன்றும் இல்லையா? விரல் போனது ஒன்றும் இல்லையா? எழுதி எழுதி அழித்தாள். விரலைப் பற்றிக் கணவனிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். மறுநாள் மதியம், நேரம் நெருங்க நெருங்க, கமிட்டிக்கே ஆட்டோ பிடித்துப் போய் அவரை அழைத்துவந்தாள். வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

கன்னியப்பன் மகனின் அறையில், நெல் தூசி படிந்த உடம்போடு, அந்தத் திரைக்கு முன்னால் வந்து நின்றார். கிணற்றோரம் ராஜகிரி காத்துக்கொண்டிருந்தான்.

"இவனா?"

"இவன் ஆதவன் கூட்டாளி. இன்னா சொல்லணும்னு கேக்குறான். இன்னும் செத்த நேரத்துல மூடிடுவாங்க. சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

அவர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். காய்ப்பு ஏறிப் பாறை மாதிரி இருந்த கைகள்.

"எனக்கு பத்து வெரலும் நல்லாத்தான் இருக்குது, நான் இன்னாத்த கிழிச்சிட்டேன்னு கேளு. நைனா கேட்டாருன்னு சொல்லு. போன் பண்ண சொல்லு."

வசந்தா அதை அப்படியே அடித்தாள். மாற்றினாள். ஒட்டினாள். அனுப்பினாள். துவானிடமிருந்து குழப்பத்தோடு பதில் வந்தது: "தந்தை பத்து விரலால் எந்தக் காகிதத்தைக் கிழித்தார்?"

அவள் விளக்கம் அடிக்க ஆரம்பித்தாள். பாதியில் திரை நின்றது. கிணறு, கடைத்தெரு, அந்த ஆள் எல்லாம் போய், கட்டம் ஒன்று வந்தது. அதில் ஜப்பானிய மொழியில் ஏதோ மரியாதையாக எழுதியிருந்தது. உங்கள் பகுதிக்கு இந்தச் சேவை இனி கிடையாது, விரைவில் உங்கள் மொழியில் சந்திப்போம் என்று பிரசாந்த் பிறகு யாரிடமோ கேட்டுச் சொன்னான்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. இத்தனை நாள் செத்தாலும் எழுந்து போக ஒரு பாலம் இருந்தது. வசந்தா பழையபடி முழு நாளும் கடைக்குப் போனாள். புது நம்பரிலிருந்து போன் வந்தால், எதிரே நிற்பவர் பாதி மனுவில் காத்திருக்க, வெளியே ஓடுவாள். லோன் வேண்டுமா என்று யாரோ கேட்பார்கள். துவான் போனானா? போய்ச் சொன்னானா? காகிதம் கிழித்த கதையைக் கேட்டு இவர்கள் யாரோ பைத்தியம் என்று விட்டுவிட்டானா? ராத்திரி படுத்தால் கன்னியப்பனும் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரியும்.

ஆவணி பிறந்து ஒரு காலை, சோறு வடித்துக்கொண்டிருக்கையில் போன் வந்தது. நீளமான நம்பர்.

"மா."

வசந்தா சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவனே பேசினான்.

"துவான் வந்தாம்மா. நைனா காகிதம் கிழிச்சார்னு சொன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. எந்த காகிதம்னு அவனும் நானும் குந்தி யோசிச்சோம். அப்பறம் தமிழ்ல சொல்லிப் பாத்தேன்... நைனா கொரலே கேட்டிச்சிம்மா." சொல்லிவிட்டு அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான், "மெய்யாலுமே நீயா அந்தப் பாலத்த தாண்டுன?"

"செத்து செத்துத்தான்டா தாண்டுனேன்."

"எனக்கே ஒரு மாசம் ஆச்சிம்மா அது."

"கை எப்படிடா இருக்குது?"

கன்னியப்பன் அதற்குள் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். போனை வாங்கி, காதில் வைக்கத் தெரியாதவர்போல் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "வந்துடு" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ஆதவன் உடனே வரவில்லை. ஒளிந்து வேலை செய்தவன் வெளியே வரவேண்டும் என்றால் அதற்கும் ஆபீஸ் ஆபீஸாக நடக்கவேண்டியிருந்தது. துவான்தான் அவனை, இப்படி அடிபட்ட வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கு உதவுகிற ஒரு சங்கத்துக்கு அழைத்துப்போனான். கையில் இன்னொரு ஆபரேஷன் நடந்தது. கம்பெனி மேல் போட்ட வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இதற்கு நடுவில் பாலம் நம் நாட்டில் இங்கிலீஷில் வெளியானது. பிரசாந்த் முதல் நாளே இறங்கிவிட்டான். வசந்தாவிடம், "இப்ப எல்லாம் புரியுது அத்தை, வர்றீங்களா?" என்று கேட்டான். எந்தக் காலத்திலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்றாள்.

தை கழிந்து ஒருநாள் மதியம், சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக வந்த பஸ்ஸிலிருந்து ஆதவன் செஞ்சியில் இறங்கினான். இளைத்திருந்தான். இடது கையை ஜாக்கெட் பைக்குள் விட்டிருந்தான். இங்கே அடிக்கிற வெயிலுக்கு அந்த ஜாக்கெட் வேண்டியதே இல்லை. வசந்தா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், கிட்டே போகவில்லை. கன்னியப்பன் பெட்டியை வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டார். இரண்டு அடி நடந்தவர் நின்று, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டினார்.

"காட்டு."

ஆதவன் சுற்றும் முற்றும் பார்த்தான். பிறகு மெல்ல வெளியே எடுத்தான். கன்னியப்பன் அந்தக் கையைத் தன் இரண்டு கையிலும் வாங்கி, அப்படியும் இப்படியும் திருப்பி, தையல் போட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"நோவுதா?"

"அங்க குளிருக்கு நோவும். இங்க இல்ல நைனா."

"சரி, நட" என்று அவர் பெட்டியைத் திரும்பத் தோளில் ஏற்றினார். அவலூர்பேட்டை பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே பின்பக்கம் வந்தது. மூன்று பேரும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம் நடக்கவேண்டியிருந்தது.